அரேட்சோவின் சிவப்புத் தட்டு

கேள்வி: தாராவி கும்பர்வாடாவுக்கு அடுத்த சந்தில் எங்கள் வீடு. புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் இத்தாலிய மண்பாண்டம் கிடைத்தது என்று வகுப்பில் சொன்னார்கள். இத்தாலி என்றால் எனக்கு மறுமலர்ச்சியும் மைக்கேலாஞ்சலோவும்தான் தெரியும். அந்த ஓட்டுக்கும் மறுமலர்ச்சிக்கும் சம்பந்தம் உண்டா?
- கல்லூரி மாணவி, மும்பை

பதில்: உண்டு. இரண்டுக்கும் ஊர் ஒன்றுதான்: டஸ்கனியில் உள்ள அரேட்சோ.

கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறக்குறைய நூறாண்டுகள் அந்த ஊர்க் குயவர்கள் சிவப்புத் தட்டும் கிண்ணமும் செய்து ரோமானிய உலகம் முழுக்க அனுப்பினார்கள். பூவேலையும் உருவங்களும் புடைத்து நிற்கும் கிண்ணங்களை அச்சில் எடுத்தார்கள். மிக நுண்ணிய களிமண் கரைசலில் முக்கி, சூளைக்குள் காற்று தாராளமாகப் போகும்படி விட்டுச் சுட்டார்கள். அப்போதுதான் மண்ணிலுள்ள இரும்பு பவளச் சிவப்பு கொடுக்கும். காற்றை அடைத்தால் பாண்டம் கறுத்துவிடும். பஞ்சுக் கழிவு போட்டுச் சூளை எரிக்கும் உங்கள் அண்டை வீட்டுக்காரர்களுக்கு இந்த வித்தை அத்துப்படியாக இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அரேட்சோ பட்டறைக்காரர் தம் பெயரை முத்திரையாகத் தட்டின் நடுவில் குத்திவிடுவார். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது அவருக்குக் கைகொடுத்தது இந்த வழக்கம்தான். கமூரி, இத்தா போன்ற பெயர்கள் கிடைத்தன. அந்தப் பட்டறைகள் இயங்கிய காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே கணிக்கப்பட்டிருந்ததால், அந்த ஓடு கிடந்த மண்ணடுக்குக்கும், கூடக் கிடந்த நம் ஊர்ப் பாண்டங்களுக்கும் ஆண்டுக் கணக்குச் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது பெரிய பிடிமானம். வீலர் சொன்ன எல்லாமே நிலைக்கவில்லை. வெளியிலிருந்து வந்த மரபு என்று அவர் கருதிய, உட்புறத்தில் பொறிப்பு வளையங்கள் கொண்ட ரௌலட் ஓடுகள் இந்தியக் களிமண்ணில் செய்தவை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. நம் குயவர்களுக்குச் சேர வேண்டிய பெருமை தாமதமாகச் சேர்ந்தது.

இனி மறுமலர்ச்சிக்கு வருவோம். அரேட்சோவின் சூளைகள் அணைந்து, ஊரே அவற்றை மறந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனபின், அஸ்திவாரம் தோண்டும் இடங்களில் சிவப்பு ஓடுகள் வெளியே வந்தன. 1282-இல் அதே ஊர்க்காரரான ரிஸ்தோரோ என்பவர் எழுதிய நூலில் இவற்றுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஓடுகளைப் பார்த்த சிற்பிகளும் ஓவியர்களும் தம்மை மறந்து கூச்சலிட்டதையும், இது மனிதக் கை வேலையாக இருக்க முடியாது என்று வியந்ததையும் அதில் எழுதியிருக்கிறார்.

அடுத்து 15-ஆம் நூற்றாண்டு. அரேட்சோவில் ஜோர்ஜோ என்ற குயவர், பழைய சிவப்புப் பாண்டத்தின் செய்முறையைத் தேடிப் போய், பூமிக்கடியில் பழஞ்சூளை வளைவுகள் மூன்றையும் உடையாத சாடிகள் நான்கையும் கண்டெடுத்தார். அந்தச் சாடிகளை ஃபுளோரன்ஸின் ஆட்சியாளர் லொரென்சோ தே மெடிச்சிக்குக் கொடுத்தார். மெடிச்சி வீட்டோடு தம் குடும்பத்துக்கு உறவு தொடங்கியது அதில்தான் என்று அவர் பேரன் எழுதிவைத்தார். அந்தப் பேரன்தான் 1511-இல் பிறந்த ஜோர்ஜோ வாசாரி. இத்தாலியக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை 1550-இல் முதலில் வெளியிட்டவர். தம் காலக் கலைக்கு ‘மறுபிறப்பு’ என்ற பொருளில் ‘ரினாஷிதா’ என்ற சொல்லை வழங்கியவர். வாசாரி என்ற குடும்பப் பெயரே குயவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

மறுமலர்ச்சியை நாலைந்து மேதைகளின் கதையாகச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மண்ணுக்குள் கிடந்த முன்னோர் வேலையைக் கையில் எடுத்து, எப்படிச் செய்தார்கள் என்று கேட்ட கைவினைக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு. கட்டடக் கலையிலும் அப்படித்தான். மறுமலர்ச்சிக் காலக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ ரோம் இடிபாடுகளை அளந்து அளந்து வரைந்து கற்றவர். அவர் பாணியைப் பின்பற்றிய கட்டடம் ஒன்று உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: 1872-இல் திறந்த, பைகுலா ராணி பாக் வளாகத்தின் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம். மாட்டுங்காவில் ஸ்லோ லோக்கல் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன். உள்ளே பம்பாய் கலைப்பள்ளி வனைந்த பாண்டங்களையும் பாருங்கள்.

அரிக்கமேட்டு ஓடுகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கிளம்புமுன் ஒரு காலையில் கும்பர்வாடாவில் சூளை பிரிக்கும்போது பக்கத்தில் நின்று, பாண்டம் எங்கே சிவந்திருக்கிறது, எங்கே கறுத்திருக்கிறது என்று கவனித்துவிட்டுப் போங்கள்.