என்ஜின் ஆயிலில் வைரமா?

கேள்வி: பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ‘நானோ வைரம் கலந்தது’ என்று எழுதிய சிறு பாட்டில் ஒன்றை ஒரு விற்பனையாளர் கொடுத்துவிட்டுப் போனார். ஆயிலோடு ஊற்றினால் தேய்மானம் குறையுமாம். இந்த விலைக்கு நிஜ வைரம் எப்படிக் கிடைக்கும்? கிடைத்தாலும், கண்ணாடியையே அறுக்கும் வைரம் சிலிண்டரைக் கீறாதா? கல்லூரியில் படிக்கும் என் மகளோ, புற்றுநோய் மருந்துக்கே இது பயன்படுகிறது என்கிறாள். எதை நம்புவது?

பதில்: விலையிலிருந்து தொடங்குவோம். நானோ வைரம் நிஜ வைரம்தான். ஆனால் சுரங்கத்திலிருந்து வருவதல்ல, வெடிமருந்தின் கரியிலிருந்து வருவது. டி.என்.டி.யையும் ஆர்.டி.எக்ஸையும் கலந்து, மூடிய இரும்புக் கலத்துக்குள் வெடிக்கவைப்பார்கள். கார்பன் முழுவதும் எரிவதற்கு ஆக்ஸிஜன் போதாது. மிஞ்சும் கார்பனில் ஒரு பகுதி அந்தக் கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைரப் படிகமாகிவிடும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுவதால் படிகம் வளர நேரமில்லை. 4, 5 நானோமீட்டரோடு நின்றுவிடும். கரியை அமிலத்தால் கழுவி நீக்கினால் சாம்பல் நிறப் பொடி கிடைக்கும். மின்னாது, நகைக்கு உதவாது.

1963-ல் சோவியத் ஒன்றியத்தின் அணு ஆயுத ஆய்வுக்கூடம் ஒன்றில் கண்டறியப்பட்டது இது. பல ஆண்டுகள் ரகசியமாகவே இருந்தது. வெளியுலகம் விவரமாக அறிய 1988 ஆகிவிட்டது.

அடுத்து உங்கள் மகள். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. துகள் இவ்வளவு சிறிதாக இருந்தால் அதன் அணுக்களில் கணிசமான பங்கு மேற்பரப்பில்தான் இருக்கும். அங்கே மருந்தை ஒட்டவைக்கலாம். டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைச் சில புற்றுநோய் செல்கள் உள்ளே விட்ட கையோடு வெளியே தள்ளிவிடும். நானோ வைரத்தில் ஏற்றி அனுப்பினால் அப்படி எளிதில் தள்ள முடிவதில்லை என்று 2011-ல் ஆய்வாளர் டீன் ஹோவின் குழுவினர் எலிகளில் காட்டினார்கள். ரூட் கெனால் செய்த பல்லை அடைக்கும் பொருளில் நானோ வைரம் சேர்த்து, சில நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2017-ல் வந்தது.

இன்னொரு பயன் நகைக்கடைக்காரரைத் திகைக்கவைக்கும். படிகத்தில் ஒரு கார்பன் இருக்கவேண்டிய இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்து, பக்கத்து இடம் காலியாக இருந்தால் அது குற்றமுள்ள வைரம். பச்சை ஒளி பட்டால் அந்தக் குற்றம் சிவப்பாக ஒளிரும், சாயம்போல வெளுத்துப்போகாது. வெப்பம் மாறினால் அந்த ஒளியை வைத்தே கண்டுபிடிக்கலாம். 2013-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இத்தகைய துகள்களை உயிருள்ள மனித செல்லுக்குள் செலுத்தி, அதன் வெப்பநிலையை அளந்தார்கள்.

இப்போது உங்கள் பாட்டில். ஹோனிங் செய்த சிலிண்டர் சுவரில் குறுக்குக் கோடுகள் பார்த்திருப்பீர்கள். அவற்றின் ஆழத்தோடு ஒப்பிட்டால் 5 நானோமீட்டர் துகள், உழவுச் சாலில் விழுந்த மணல். தனித்தனித் துகளாக இருக்கும்வரை அது கீறாது. ஆய்வகச் சோதனைகள் சிலவற்றில் உராய்வும் தேய்மானமும் குறைந்ததும் உண்மை.

சிக்கல், துகள்கள் தனியாக இருப்பதில்லை என்பதுதான். ஒன்றோடொன்று கெட்டியாக ஒட்டிக்கொண்டு பெரிய கட்டிகளாகிவிடும். அவற்றைப் பிரிப்பதே இந்தத் துறையின் பெரிய பாடு. ஜப்பானில் எய்ஜி ஓசாவா என்ற ஆய்வாளர், சிறு செராமிக் மணிகளோடு போட்டு அரைத்துப் பிரித்தார். பிரியாத கட்டி ஆயிலில் சுற்றினால், நீங்கள் வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்ட்டின் வேலையைச் செய்யும். பாட்டிலை ஒரு வாரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் வண்டல் தங்கினால் ஊற்றவே வேண்டாம். தங்காவிட்டாலும் அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று உங்களுக்கே தெரியும். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் ஊறுகின்றன. ஜாசோ எம்.ஏ. என்று போட்ட ஆயில், அந்தத் தட்டுகளுக்குத் தேவையான பிடிப்பைக் காப்பாற்றும்படி தயாரானது. உராய்வைக் குறைக்கிறேன் என்று இன்னொன்றை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். வாடிக்கையாளர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பது விற்பனையாளர் வாசலில் அல்ல, உங்கள் வாசலில்.