சூப்பில் கரையாத இழை

மாலை வேளையில் பள்ளிபாளையம் தெருக்களில் விசைத்தறியின் ஓசையோடு போட்டியிடும் வேறோர் ஓசையும் உண்டு. சாலையோரக் கடைகளில் இரும்புச் சட்டியைக் கரண்டி தட்டும் ஓசைதான் அது. ‘ஹக்கா நூடுல்ஸ்’ தயாராகிறது!

ஹக்கா என்பது ஊரின் பெயரன்று, மசாலையின் பெயருமன்று. வடசீனத்திலிருந்து பல நூற்றாண்டுகளாகத் தெற்கே குடிபெயர்ந்த மக்களின் பெயர். ‘விருந்தினர் குடும்பம்’ என்று பொருள். இவர்களில் ஒரு சாரார் கல்கத்தாவுக்கு வந்து டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழில் நடத்தினர். சோயா சாஸ் ஊற்றிப் புரட்டும் நம் நூடுல்ஸ் அந்தக் கல்கத்தாச் சமையலின் வழிவந்தது. ஹக்கா மக்களின் ஊரான தென்சீனத்து மெய்சோவிலோ நூடுல்ஸை வேகவைத்து, கொழுப்பும் பூண்டும் கலந்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப்புடன் உண்கிறார்கள். வேறு பல ஊர்களில் நூடுல்ஸைச் சூப்பிலேயே போட்டுவிடுவதும் உண்டு.

கொதிக்கும் சூப்பில் கிடந்தாலும் அந்த மெல்லிய இழை கரைவதில்லை. அரிசி மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து, திரித்து, கொதிநீரில் போட்டுப் பாருங்கள் (பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்). இழை உடைந்து கஞ்சியாகிவிடும். இரண்டும் மாவுதானே, ஏன் இந்த வேறுபாடு?

விடையை உங்கள் கையாலேயே காணலாம். ஒரு பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் அதை மெல்லப் பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் பால்போல் வெளுக்கும். வெளியேறுவது மாவுப்பொருள், அதாவது ஸ்டார்ச். தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால், கடைசியில் கையில் ரப்பர் போன்ற ஒரு பசை மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இதுவே குளூட்டன் என்னும் புரதம். இத்தாலியரான பெக்காரி இதே முறையில் இதைப் பிரித்தெடுத்தார். அவருடைய கட்டுரை 1745-ல் வெளிவந்தது. அரிசி மாவை இவ்வாறு கழுவினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

மைதா மாவைப் பிசையும்போது குளூட்டன் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. ஸ்டார்ச் மணிகள் அந்த வலைக்குள் சிக்கிக் கிடப்பதால் சூப்பில் ஓடிவிட முடியாது. சீன நூடுல்ஸ் வகைகள் சிலவற்றில், நாம் அப்பளத்துக்குச் சேர்ப்பது போல, காரத்தன்மையுள்ள கார்பனேட் உப்பையும் சேர்க்கிறார்கள். அது வலையை இறுக்குகிறது; மாவிலுள்ள நிறப்பொருளை மஞ்சளாகவும் மாற்றுகிறது. முட்டை சேர்த்ததால் வந்த மஞ்சள் என்று பலர் எண்ணிவிடுவார்கள்!

அப்படியானால் வலையே இல்லாத அரிசியில் இழை செய்ய முடியாதா? கொங்கு நாட்டு வீடுகளில் சந்தகை பிழிவதைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, இட்லிபோல் முதலில் வேகவைத்து, ஆறுவதற்குள் சுடச்சுட அச்சில் இட்டுப் பிழிகிறார்கள். சூட்சுமம் ‘முதலில் வேகவைத்து’ என்பதில் இருக்கிறது. ஏறக்குறைய 60 முதல் 80 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்தில் ஸ்டார்ச் மணிகள் நீரை உறிஞ்சி உப்பி, பசையாகின்றன. இந்தப் பசையே இழையைப் பிடித்து நிறுத்துகிறது. ஆறும்போது ஸ்டார்ச்சிலுள்ள அமைலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மீண்டும் ஒட்டிக்கொள்ள, இழை இறுகுகிறது. ஆறிய மாவைப் பிழியக் கை வலிப்பது இதனால்தான். பிழிந்த சந்தகைமீது தேங்காய்ப்பால் ஊற்றினாலும் அது கரைவதில்லை.

பள்ளிபாளையம் மாணவர்களுக்கு இது புதிதன்று. தறியில் அறாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறார்களே, அங்கும் ஸ்டார்ச்சைக் காய்ச்சித்தானே பூசுகிறார்கள்! காய்ச்சாத மாவு நூலில் ஒட்டாது.

சீனத்தின் லாஜியா என்னுமிடத்தில், கவிழ்ந்த மண்கிண்ணத்தின் அடியில் சுமார் 4000 ஆண்டுப் பழமையான நூடுல்ஸ் கிடைத்தது. 2005-ல் இச்செய்தி வெளியானபோது, அது தினையும் பனிவரகும் கலந்தது என்றார்கள். குளூட்டன் இல்லாத தானியங்களை எப்படி இழுத்து இழையாக்கினர் என்று சிலர் ஐயுற்றனர். 2014-ல் சீன ஆய்வாளர்கள் சிறுதானிய மாவைப் பசையாக்கி அச்சில் பிழிந்து, அதுபோன்ற இழைகளைச் செய்து காட்டினார்கள். நம் சந்தகையின் வழியேதான்!

இந்த வேறுபாடு சிலருக்கு உடல்நலத்தையே பொறுத்தது. சீலியாக் என்னும் நோயுள்ளவர்களுக்குக் குளூட்டன் சிறுகுடலின் உட்சுவரைப் பாதிக்கிறது. அதனால் உண்ட சத்து உடலில் சேராமல் குழந்தைகள் மெலிகின்றனர். கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஹாலந்துக் குழந்தை மருத்துவர் டிக்கே 1950-ல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். இத்தகையோர் கோதுமை, பார்லி ஆகியவற்றை அறவே நீக்கவேண்டும். சிறிதளவு உண்டாலும் கேடுதான்.

‘கேழ்வரகு நூடுல்ஸ்’, ‘தினை நூடுல்ஸ்’ என்று விற்கும் பொட்டலங்களைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். இழை நிற்பதற்காகப் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள். பட்டியலில் எடை மிகுந்தது முதலில் வரும். முன்னட்டையில் பெரிதாக அச்சிட்ட தானியம் சிலவற்றில் இரண்டாம் இடத்தில் நிற்கும். அரிசி நூடுல்ஸ்தானே என்று கடைச் சூப்பை நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதில் ஊற்றும் சோயா சாஸ் பெரும்பாலும் சோயாவோடு கோதுமையையும் சேர்த்துப் புளிக்கவைத்ததே.