கடல் கடந்து வரும் சிகரெட்டும் நம் நாட்டுத் தீர்வையும்

கடலூர், சிதம்பரம் வட்டாரச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால் அங்கத்தினர் சிலர் ஒரு கேள்வியை எழுப்புகின்றனர். "வெளிநாட்டுக் கடைகள் இணையத்தில் சிகரெட்டை மலிவு விலைக்குக் காட்டுகின்றன. பணம் செலுத்தினால் தபாலில் வீடு தேடி வருமாம். இது சட்டப்படி செல்லுமா?" என்பதே அக்கேள்வி. அதற்குரிய விடையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. எல்லையும் தீர்வையும்

1954 நவம்பர் 1-ஆம் நாள் புதுச்சேரி இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. அதுவரை கடலூருக்கு வடக்கே பிரெஞ்சு எல்லை இருந்தது. அவ்வெல்லையைத் தாண்டிச் சரக்குக் கொண்டுவருவோர் சுங்கத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த எல்லை மறைந்துவிட்டது; அதன் தத்துவம் மறையவில்லை. பண்டம் எங்கே வாங்கப்பட்டது என்பதோடு, அது எந்த நாட்டுக்குள் வருகிறது என்பதையும் பொறுத்தே தீர்வை அமைகிறது. வெளிநாட்டுக் கடைக்காரர் நம் நாட்டு வரியைத் தம் விலையில் சேர்ப்பதில்லை. அவர் காட்டும் மலிவின் பெரும்பகுதி, இன்னும் செலுத்தப்படாத வரியே ஆகும்.

2. இறக்குமதி செய்பவர் யார்?

"நான் வாங்குபவன்தானே, அனுப்புகிறவரன்றோ பொறுப்பாளி?" என்று சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி பொருளுக்கு உரியவரே இறக்குமதியாளர். ஆகவே தீர்வைப் பொறுப்பு, பார்சலைத் தமக்கென வரவழைத்தவரைச் சாரும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 200 சிகரெட் கொண்ட ஒரு பெட்டியின் மதிப்பு, அனுப்பும் செலவு உட்பட, 2,000 ரூபாய் என்று கொள்வோம். அடிப்படைச் சுங்க வரி 30 சதவீதம்; அதாவது 600 ரூபாய். உள்நாட்டுச் சிகரெட்டுக்குரிய கலால் தீர்வைக்கு ஈடான கூடுதல் வரியும் உண்டு. 2026 பிப்ரவரி 1 முதல் அத்தீர்வை, சிகரெட்டின் நீளத்தையும் வகையையும் பொறுத்து, ஆயிரத்துக்கு 2,050 முதல் 8,500 ரூபாய் வரை ஆகும். மிகக் குறைந்த விகிதத்தைக் கொண்டாலும் 200 சிகரெட்டுக்கு 410 ரூபாய். ஆக மொத்தம் 3,010. இதன்மேல் சரக்கு சேவை வரி 40 சதவீதம், அதாவது 1,204 ரூபாய். வரி மட்டும் 2,214 ரூபாய்; பெட்டியின் அடக்கம் 4,214 ரூபாய். உயர்ந்த விகிதத்தைக் கொண்டால் அடக்கம் 6,020 ரூபாய் ஆகிவிடும். மற்றச் சில்லறை வரிகளை இதில் சேர்க்கவில்லை. மலிவு எங்கே போயிற்று என்பதை அங்கத்தினர்களே காணலாம்.

3. "அன்பளிப்பு" என்று எழுதினால்?

2019 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, தபாலிலும் கூரியரிலும் அன்பளிப்பு என்று வரும் பொருள்களுக்குத் தீர்வை விலக்கு இல்லை. உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் மட்டுமே விதிவிலக்கு. "துணி" என்றோ "தேயிலை" என்றோ பொய்யாக எழுதச் செய்வது இன்னும் அபாயகரமானது. சரக்குப் பறிமுதலாகும். தெரிந்தே பொய்யுரைத்தவர்க்குப் பொருளின் மதிப்பைப்போல் ஐந்து மடங்கு வரை தண்டம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

வெளிநாட்டிலிருந்து திரும்பும் பயணியின் நிலை வேறு. 2016-ஆம் ஆண்டுப் பயணிகள் உடைமை விதிகள் 100 சிகரெட் வரை தீர்வையின்றிக் கொண்டுவர அனுமதித்தன. அச்சலுகை உடன் வரும் பயணிக்கே உரியது. தபாலில் வரும் பெட்டிக்குப் பொருந்தாது.

4. விற்பனையும் மின்சிகரெட்டும்

விற்பனைக்கென வரவழைக்கும் சிகரெட்டுப் பொட்டலத்தில் நம் அரசு வகுத்த பட எச்சரிக்கை இருந்தே தீரவேண்டும் என்பது 2003-ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் கட்டளை. 2016 ஏப்ரல் முதல் அவ்வெச்சரிக்கை பொட்டலத்தின் முகப்பில் 85 சதவீத இடத்தைக் கொள்ளவேண்டும். எச்சரிக்கை இல்லாததை விற்பவர், முதற் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ பெறலாம். சங்கப் பண்டகசாலைப் பொறுப்பாளர்கள் இதை நன்கு மனத்தில் கொள்க.

மின்சிகரெட்டுக்கோ வரி கட்டியும் வழியில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இறக்குமதியை முற்றிலும் தடுத்துள்ளது. முதற் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பட்டணத்தில் படிக்கும் பிள்ளைகள் விளையாட்டாக இதை வரவழைப்பதுண்டு. பெற்றோர் எடுத்துச் சொல்லவேண்டும்.

5. சங்கத்துக்கு இதில் என்ன?

சங்கத்தின் பெயருக்கோ விலாசத்துக்கோ இத்தகைய பார்சலை வரவழைக்க எவரையும் அனுமதித்தல் கூடாது. ஒருவர் ஆசைக்காகச் சங்கம் விசாரணைக்கு உள்ளானால், பாவு நூலுக்கும் விதைக்கும் சங்கத்தை நம்பியிருக்கும் அனைவரும் துன்புறுவர். காரியதரிசி, தாம் அறியாத பார்சலுக்குக் கையொப்பமிட்டு வாங்கலாகாது.

மற்றொன்றும் உண்டு. குறிஞ்சிப்பாடிப் பகுதி நெசவாளர் நெய்யும் கைலி கடல் கடந்து சென்றால், அந்நாட்டுச் சுங்கமும் தன் சட்டப்படி தீர்வை கேட்கும். நாம் உண்மையான கணக்கை எழுதி அனுப்புகிறோம் என்ற நம்பிக்கையே நம் சரக்குக்கு அங்கே மதிப்பைத் தருகிறது. அனுப்பும்போது நேர்மை, வரவழைக்கும்போது மறைப்பு என இரு வழக்கங்கள் ஒரு சங்கத்தில் இருத்தல் இயலாது.

புகைப்பழக்கம் உடலுக்குக் கேடு என்பது அனைவரும் அறிந்ததே. இவ்வரியின் நோக்கங்களுள் அதைக் குறைப்பதும் ஒன்று. வரியைத் தப்பிக்க முயல்பவர் பணத்துக்கும் உடலுக்கும் ஒருசேரக் கேடு தேடிக்கொள்கிறார்.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்:

(அ) தபாலில் வரும் சிகரெட்டுக்கு இறக்குமதியாளர் யார்? ஏன்?

(ஆ) 100 சிகரெட்டின் மதிப்பு 1,500 ரூபாயாயின், குறைந்த விகிதத்தில் வரி எவ்வளவு?

(இ) சங்க விலாசத்துக்கு வரும் பார்சல்களைப் பதிவு செய்ய உங்கள் சங்கத்தில் என்ன ஏற்பாடு உள்ளது? இல்லையெனில், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் என்ன தீர்மானம் கொண்டுவரலாம்?