ஏறி ஓட்ட முடியாத மட்டக்குதிரையை இளைக்க வைப்பது எப்படி?

பிரிட்டனின் கிராமப்புறங்களில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. பிள்ளைகளுக்காக வாங்கிய ஷெட்லாண்ட் மட்டக்குதிரை, பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகும் வீட்டுப் புல்வெளியிலேயே நிற்கிறது. வேலை கிடையாது. புல்லுக்குக் குறைவில்லை. வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, கழுத்தின் மேல்பகுதி தடித்து, பிடரி மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. வளர்த்தவர் ஏறி ஓட்டலாமென்றால் அதற்கும் வழியில்லை. ஷெட்லாண்ட் இனத்துக்கு 107 சென்டிமீட்டர்தான் உயர வரம்பு. நல்ல உடல்வாகில் 200 கிலோ இருந்தால், சேணத்தோடு சேர்த்து அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 40 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு.

ஏறி ஓட்டினால்தான் குதிரைக்கு உடற்பயிற்சி என்றில்லை. இந்த இனத்தின் வரலாறே அதற்குச் சாட்சி. 1842-இல் வந்த பிரிட்டிஷ் சுரங்கச் சட்டம் பெண்களையும் 10 வயது நிரம்பாத சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. அதன்பின் நிலக்கரி வண்டி இழுக்க ஷெட்லாண்ட் குதிரைகளைப் பெரும் எண்ணிக்கையில் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். காற்றடிக்கும் ஷெட்லாண்ட் தீவுகளில் கிடைத்ததைத் தின்று, கடுமையாக உழைத்துப் பழகிய உடம்பு அது. அதைச் செழித்த புல்வெளியில் சும்மா நிறுத்தி வைத்தால் கொழுப்பு சேராமல் என்ன செய்யும்?

முதலில் குளம்பைப் பாருங்கள்

நடக்க வைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரை ஒருமுறை வரவழையுங்கள். கொழுத்த மட்டக்குதிரைக்குப் பெரிய ஆபத்து லாமினைட்டிஸ். குளம்புக்குள் இருக்கும் எலும்பையும் குளம்பின் சுவரையும் பிணைத்திருக்கும் திசு பாதிக்கப்பட்டுப் பிடி விட்டுப்போகும் நோய் அது. ரத்தத்தில் இன்சுலின் ஏறிக் கிடப்பதுதான் பெரும்பாலும் காரணம். முன்கால்களை முன்னே நீட்டிப் பாரத்தைப் பின்னால் போட்டு நிற்பது, திரும்பும்போது தயங்குவது, கல் தரையில் எட்டு வைக்க அஞ்சுவது ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நடை வேண்டாம். நடத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்து இழுத்துப் போவது, பிடி தளர்ந்த எலும்பை மேலும் நகர்த்திவிடும்.

குளம்புக்கு மேலே, கணுக்காலின் பின்பக்கத்தில் இருபுறமும் நாடி ஓடுகிறது. அதை எங்கே, எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று மருத்துவரிடமே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். நலமாக இருக்கும் குதிரையில் விரலுக்கு அது லேசாகத்தான் படும். ஒருநாள் காலையில் அது பலமாகத் துடித்தால் அன்றைய நடையை விட்டுவிட்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். வயது 15-ஐத் தாண்டியிருந்தால் லாமினைட்டிஸைத் தூண்டக்கூடிய சுரப்பிக் கோளாறான குஷிங் நோய்க்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

நாடாவும் தீனியும்

கண் ஏமாற்றும், நாடா ஏமாற்றாது. தோள்மேட்டுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி ஓர் அளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம் ஓர் அளவு, இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 145, நீளம் 120 என்றால் சுமார் 212 கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே ஆள் அளந்து குறித்து வையுங்கள். விலாவைத் தடவும்போது எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும். கழுத்தின் மேல்மேட்டைப் பிடித்து இருபுறமும் அசைத்துப் பாருங்கள். அசையாமல் கெட்டியாக இருந்தால் நிலைமை மோசம்.

தீனியைத் தொடாமல் நடையால் மட்டும் இளைக்க வைக்க முடியாது. அதற்காகப் பட்டினியும் போடக்கூடாது. திடீரென்று தீனி நின்றால், சேர்ந்த கொழுப்பு ரத்தத்தில் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். ஷெட்லாண்ட் இனத்துக்கு இந்த ஆபத்து அதிகம். உடல் எடையில் 1.5 சதவீத உலர் தீனி என்பது வழக்கமான தொடக்க அளவு. காய்ந்த புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருப்பதால், 200 கிலோ குதிரைக்கு நாளுக்குச் சுமார் மூன்றரைக் கிலோ காய்ந்த புல். இந்தக் கணக்கு மேய்ச்சலே இல்லாத குதிரைக்கு. மேயும் புல்லும் இதற்குள் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் அதிலுள்ள சர்க்கரை ஓரளவு குறையும். ஊறும்போது சத்தும் போவதால் தாது உப்புகளும் வைட்டமினும் தனியாகத் தர வேண்டும். மேயவிடும் நேரத்தில், போரடிக்கும் மாட்டுக்குப் போடுவதுபோல வாய்க்கூடு மாட்டலாம். தண்ணீர் குடிக்கவும் கொஞ்சம் புல் எடுக்கவும் அதில் துளை இருக்கும்.

கயிறு பிடித்து நடப்பது

இதுதான் முக்கியமான வேலை. கையுறை, தலைக்கவசம், வழுக்காத காலணி, மூன்று மீட்டர் கயிறு இருந்தால் போதும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மடித்துப் பிடியுங்கள். குட்டையான குதிரைதானே என்று நினைக்க வேண்டாம். மிரண்டு ஓடினால் உங்களைத் தரையோடு இழுத்துப்போகும் பலம் அதற்கு உண்டு.

சாலையில் இறங்குவதென்றால் தலைக்கயிறு போதாது, கடிவாளம் வேண்டும். பிரிட்டனில் சாலையின் இடது ஓரமாக, வண்டிகளுக்கும் குதிரைக்கும் நடுவில் நீங்கள் இருக்கும்படி நடக்க வேண்டும். அதாவது நீங்கள் குதிரையின் வலப்பக்கம். பெரும்பாலான குதிரைகள் இடப்பக்கத்திலிருந்து நடத்தித்தான் பழக்கப்பட்டிருக்கும். அதனால் வீட்டுப் புல்வெளியிலேயே வலப்பக்கமாக நடத்திப் பழக்கிய பிறகு வெளியே போங்கள். பளிச்சென்ற நிறத்தில் ஒளிரும் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். குதிரையைக் கடக்கும் வண்டிகள் மணிக்கு 10 மைலுக்கும் குறைவான வேகத்தில், குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட்டுப் போகவேண்டும் என்று அந்நாட்டுச் சாலை விதி சொல்கிறது. எல்லோரும் அப்படிப் போவார்கள் என்று நம்பிவிடாதீர்கள்.

முதல் வாரம் 15 நிமிடம் போதும். வாரத்துக்கு ஐந்து நாள் நடந்து, ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டி 45 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஊர்சுற்றும் நடை பயன் தராது; உங்களுக்கே லேசாக மூச்சு வாங்கும் வேகம் வேண்டும். பின்குளம்பு, முன்குளம்பு பதிந்த தடத்தில் விழுகிறதா, அதைத் தாண்டி விழுகிறதா என்று ஈர மண்ணில் பாருங்கள். தாண்டி விழுந்தால் குதிரை உடம்பைப் பயன்படுத்தி நடக்கிறது என்று பொருள்.

நடையைக் கெடுப்பது சாலையோரப் புல்தான். ஒருமுறை நின்று மேயவிட்டால் பிறகு இருபது அடிக்கு ஒருமுறை இழுபறிதான். தலை கீழே போவதற்கு முன் அதன் காதும் கண்ணும் புல் பக்கம் திரும்பும். அந்தக் கணத்தில் “நட” என்று சொல்லி வேகத்தைக் கூட்டிவிடுங்கள். தலை இறங்கிய பிறகு இழுத்தால் உங்கள் தோள்தான் வலிக்கும்.

ஒரு மாதம் ஆனதும் மேடான பாதைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமதளத்தைவிட ஏற்றத்தில் பின்புறத் தசைகள் அதிகம் உழைக்கும். அதன்பிறகு நடுநடுவே அரை நிமிடம் துள்ளு நடை. நீங்களும் கூடவே ஓட வேண்டியிருக்கும். ஓட முடியாதவர்கள் தரையில் நாலைந்து கட்டைகளை வரிசையாகப் போட்டு அவற்றைத் தாண்ட வைக்கலாம். வீடு திரும்பியபின் பத்து நிமிடத்தில் மூச்சு சீராகிவிட வேண்டும். ஆகவில்லை என்றால் அடுத்த நாள் வேலையைக் குறையுங்கள்.

வேறு வழிகள்

நீள்கயிற்றில் வட்டமாக ஓடவிடுவது பலருக்குத் தெரிந்த முறை. ஆனால் பருத்த குதிரையின் மூட்டுகளுக்குச் சிறிய வட்டம் கேடு. வட்டத்தை 20 மீட்டர் அகலத்துக்குக் குறையாமல் வைத்து, திசையை மாற்றி மாற்றி, 15 நிமிடத்தோடு நிறுத்துங்கள். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். இதைவிட எனக்குப் பிடித்தது இரண்டு நீளக் கயிறுகளைக் கடிவாளத்தில் மாட்டி, பின்னால் நடந்தபடி ஓட்டும் முறை. குதிரை தானே வழி பார்த்து முன்னே போகும். அதன் புத்திக்கும் வேலை கிடைக்கும். ஆரம்பத்தில் தெரிந்தவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதில் நன்றாகத் தேறிய குதிரையைப் பயிற்சியாளர் உதவியோடு சிறு வண்டிக்கும் பழக்கலாம்.

நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்திலும் அதை நடக்க வைக்கலாம். புல்வெளியின் ஓரத்தைச் சுற்றி மின்வேலியால் ஒரு பாதை பிரித்து, நடுப்புல்லை அடைத்துவிடுங்கள். தண்ணீரை ஒரு முனையிலும் சிறு கண் வலைப்பையில் காய்ந்த புல்லை எதிர் முனையிலும் வையுங்கள். நாள் முழுக்க அது அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருக்கும்.

குளிர்காலம் இளைப்பதற்கு ஏற்ற பருவம். உடல்நலம் சரியாக இருந்தால் போர்வை போடாதீர்கள். குளிரைத் தாங்கவே உடம்பு கொழுப்பைச் செலவழிக்கும். உறைபனி இரவுக்குப் பின் வெயிலடிக்கும் காலையில் புல்லில் சர்க்கரை மிகுந்திருக்கும். அப்போது மேயவிட வேண்டாம். விலா கைக்குத் தட்டுப்படத் தொடங்கினாலும் நடையை நிறுத்தாதீர்கள். மார்ச் மாதம் புல் துளிர்க்கும் முன்பே மின்வேலியை எடுத்துக்கட்டிவிடுங்கள். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நாடாவை வாரத்துக்கு ஒருமுறை எடுங்கள்.