முற்றத்திற்கு வந்த புதுப் பறவையை இனங்காணும் முறை

கொல்லைப்புறத்தில் ஒரு மண் சட்டியில் தண்ணீரும், தட்டில் கம்பும் தினையும் நொய்யரிசியும் வைத்துவிட்டு ஜன்னலருகே உட்கார்ந்து பார்க்கும் வழக்கமுள்ளவர்களுக்கு, சிட்டும் மைனாவும் புள்ளிப்புறாவும் பழகிப்போன பிறகு, அவற்றின் நடுவே பெயர் தெரியாத பறவையொன்று வந்து இறங்குகையில் உண்டாகும் பரபரப்பு சாமானியமானதன்று. அந்தப் பரபரப்பில் புத்தகத்தை எடுக்க உள்ளே ஓடுகிறவர் திரும்பி வருவதற்குள் பறவை போய்விடுகிறது. அவர் நினைவில் எஞ்சுவதோ ‘ஏதோ பழுப்பாக இருந்தது’ என்பது மட்டுமே. பழுப்புப் பறவைகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. ஆகவே பறவை கண்ணெதிரே இருக்கும்வரை அதன் பெயரைப் பற்றிய விசாரத்தை அறவே விட்டுவிட்டு, லட்சணங்களை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதே முதற்காரியம்.

அளவிலிருந்து தொடங்குங்கள். இத்தனை அங்குலம் என்று கண்ணால் மதிப்பிடுவது பெரும்பாலும் பிசகிப்போகும். தட்டருகே நிற்கும் தெரிந்த பறவையோடு ஒப்பிட்டு, சிட்டைவிடச் சிறிது, மைனாவைவிடச் சற்றுப் பெரிது என்று குறித்துக்கொள்வதே பத்திரமான வழி. சலீம் அலி 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலிலும் சிட்டு, கொண்டைக்குருவி, மைனா, காகம் முதலியவையே அளவுகோல்கள்.

அடுத்து அலகு. கூம்பு வடிவில் தடித்துக் குட்டையாயிருந்தால் தானியம் உடைக்கும் ஜாதி. மெலிந்து நேராயிருந்தால் பூச்சி பிடிப்பது. நீண்டு வளைந்திருந்தால் தேன் குடிப்பது. தட்டின் அருகில் வந்த பறவையெல்லாம் தானியத்துக்காகவே வந்தது என்று எண்ணவும் வேண்டாம். சிந்திய நொய்யை மொய்க்கும் எறும்புக்காகவும், சட்டித் தண்ணீருக்காகவும் வருகிறவை உண்டு. நடையும் கவனிக்கத்தக்கது. சிட்டு இரு கால்களையும் சேர்த்துத் தத்துகிறது. மைனாவோ மனிதரைப் போலக் காலை மாற்றி மாற்றி வைத்து நடக்கிறது. குண்டுகரிச்சான் வாலை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. வாலாட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நிறத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வெயில் பறவைக்குப் பின்னாலிருந்தால் ஊதாத் தேன்சிட்டுகூட வெறுங் கறுப்பாகத்தான் தெரியும். ஆதலால் மொத்த வர்ணத்தைப் பார்ப்பதைவிட, அது எங்கெங்கே மாறுகிறது என்று பார்ப்பது மேல்: கண்ணுக்கு மேல் புருவம்போல் கோடு உண்டா, இறக்கையில் வெள்ளைப் பட்டை உண்டா, மார்பு வெறுமையாயிருக்கிறதா, கோடோ புள்ளியோ விழுந்திருக்கிறதா, பறந்தெழும்போது முதுகின் அடிப்பகுதி எந்த நிறம் காட்டுகிறது என்பனவே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்.

தானியத் தட்டைப் பொறுத்தவரை அதிகமான பேரைத் திகைக்க வைப்பது, பெண் சிட்டைப் போலவே இருந்தும் சிட்டல்லாத பறவைதான். இனப்பெருக்க காலத்தில் தலையில் மஞ்சள் பூண்டு எவரும் எளிதில் அறியும்படி இருக்கும் தூக்கணாங்குருவி ஆண், அந்தப் பருவம் கழிந்ததும் மஞ்சளை இழந்து தன் பெண்ணைப் போலவே ஆகிவிடுகிறது. அந்த வேஷத்தில் சிட்டுகளோடு கலந்து அது தினை பொறுக்கினால், வித்தியாசம் சட்டென்று புலப்படாது. அலகைப் பாருங்கள்: தூக்கணாங்குருவிக்கு அது சிட்டினுடையதைவிடத் தடிப்பாக இருக்கும். வாலும் குட்டை. அடிப்பாகத்தில் சாம்பல் கலப்பின்றி வெளிர்மஞ்சள் சாயலான பழுப்பு ஓடியிருக்கும். இவற்றைவிடச் சிறியதாய், கரும்பழுப்பு முகமும் மார்பு முழுவதும் மீன்செதிள் போன்ற கோலமுமாக ஒன்று வந்தால் அது புள்ளிச் சில்லை; ஆனால் அதன் குஞ்சுக்கு அந்தச் செதிற்கோலம் இராது, உடல் முழுதும் ஒரே பழுப்பு. வளர்ந்த பறவைகளின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழிதவறுகிறார்கள்.

சிட்டைப் போலிருந்தும் சற்றே மாறுபட்ட பறவையைச் சிறிதென்று தள்ளலாகாது. சலீம் அலி சிறுவனாயிருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் வீழ்த்திய சிட்டொன்றின் தொண்டையில் மஞ்சள் கறை இருப்பதைக் கண்டு, இது என்ன பறவை என்ற சந்தேகத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் போய்ச் சேர்ந்தார். மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று விடை கிடைத்தது. அவருடைய பறவை ஆராய்ச்சிக்கெல்லாம் தொடக்கம் அந்தக் கேள்விதான்.

பறவை போனபின், கண்டவற்றையெல்லாம் உடனே தாளில் எழுதுங்கள். கோணல்மாணலாகவேனும் ஒரு படம் வரைந்து, கோடும் பட்டையும் எங்கே இருந்தன என்று குறியுங்கள். புத்தகத்தை விரித்த பிறகு எழுதினால், பார்த்ததும் படித்ததும் ஒன்றோடொன்று கலந்துவிடும். புகைப்படம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. மெர்லின் என்ற கைபேசிச் செயலிகூட, படம் இல்லாதபோது, எங்கே, எப்போது, எவ்வளவு பெரிது, என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்றுதான் கேட்கிறது. நாம் பார்க்காததை அது நமக்குச் சொல்லாது.

விடை என்று ஒரு பெயர் அகப்பட்டதும் அதை இடத்தையும் மாதத்தையும் கொண்டு சோதிப்பது அவசியம். இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடுகட்டும் ஆறுமணிக்குருவி, ஐப்பசி வாக்கில் தெற்கே வருகையில் களைத்துப்போய் நகரத்து முற்றங்களிலும் இறங்குவதுண்டு; அதைச் சித்திரை கழிந்து சென்னையில் பார்த்ததாக யாரேனும் சொன்னால் இரண்டாம் முறை விசாரிக்க வேண்டும். பெண்ணையும் மறவாதீர்கள். பப்பாளித் துண்டுக்கு வந்த, பழுப்பு உடலெங்கும் வெண்புள்ளி தெளித்த, சிவந்த கண்ணுடைய பறவையை அபூர்வ விருந்தாளி என்று கொண்டாடுகிறவர்கள் பலர். அது நம் தெருக் குயிலின் பெண்.

இத்தனையும் செய்தும் பெயர் அகப்படாமற்போகலாம். அப்போது ‘சில்லையில் ஏதோ ஒருவகை’ என்று எழுதி நிறுத்திக்கொள்வது, துணிந்து ஒரு தவறான பெயரை எழுதுவதைவிட எவ்வளவோ உயர்ந்தது. 2015 முதல் ஆண்டுதோறும் தமிழகத்தில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ள 15 நிமிஷம் ஓரிடத்திலிருந்து பார்த்தால் போதும். பட்டியலைப் பதியும் ஈபேர்ட் தளமும் இன்னதென்று துணிய முடியாத சில்லையை ‘சில்லை இனம்’ என்ற அளவிலேயே ஏற்றுக்கொள்கிறது. வருகிற பொங்கலுக்கு உங்கள் முற்றத்திலிருந்தும் ஒரு பட்டியல் போகட்டும்.