ஏர் கூல்டு ஹெட்டுக்கு எந்த அலுமினியம்?

இன்ஜின் டிசைன் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு சிலிண்டர் ஹெட் வேலை வந்தால், கண் முதலில் அலாய் அட்டவணையின் இழுவிசை எண்ணைத்தான் தேடும். அது அறை வெப்பநிலையில் எடுத்த எண். ஏர் கூல்டு இன்ஜினில் எக்சாஸ்ட் வால்வுக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் நடுவே உள்ள உலோகம் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது. அந்த இடம் எவ்வளவு சூடாகிறது, எத்தனை மணி நேரம் அப்படியே ஓடுகிறது? தெர்மோகப்பிள் வைத்து அளக்காமல் அலாய் பேச்சையே எடுக்காதீர்கள்.

தொடங்க வேண்டிய இடம் ஏ356. எல்எம்25 என்று ஃபவுண்டரிகளில் கேட்பதும் ஏறக்குறைய இதுதான். 7 சதவீத சிலிக்கான் இருப்பதால் மெல்லிய ஃபின் நுனிவரை ஓடி நிரம்பும். வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். ஆனால் டி6 ஹீட் ட்ரீட்மென்ட்டில் இதை ஏஜிங் செய்வதே, அதாவது பலம் ஏற மிதமான சூட்டில் வைப்பதே, சுமார் 155 முதல் 170 டிகிரியில்தான். ஹெட் அதற்கு மேல் ஓடினால் ஏஜிங்கும் தொடரும். மெக்னீசியம்-சிலிக்கான் துகள்கள் பருத்து, உலோகம் இளகிவிடும். ஆறினாலும் பழைய பலம் திரும்பாது. பிறகு பிளக் மரை உருவும், வால்வு சீட் தளரும். அதனால் நான் ஏஜிங்கை முன்கூட்டியே உச்சம் தாண்டவிட்ட டி7 டெம்பர் பக்கம். தொடக்கத்தில் பலம் சற்றுக் குறைவு, ஆனால் சூட்டில் அதிகம் மாறாது. அரை சதவீத செம்பு சேர்த்த வகை இன்னும் நல்லது.

சுமை மிக அதிகமென்றால் 242 அலாய். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய ஒய் அலாயின் வழிவந்தது: செம்பு 4, நிக்கல் 2, மெக்னீசியம் 1.5 சதவீதம். விமான இன்ஜின் ஹெட்டுகளில் பெயர் வாங்கியது. வார்ப்பதுதான் பெரும்பாடு, உறையும்போதே விரிசல் விடும். சாதாரண டூவீலருக்கு இது தேவையில்லை.

விலையைக் காட்டி பர்ச்சேஸ் பிரிவு ஏடிசி12 பிரஷர் டை காஸ்டிங்கைக் கேட்கும். கவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஹெட்டுக்கு வேண்டாம்: வெப்பம் கடத்துவதில் ஏ356-ன் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். உள்ளே சிக்கிய வாயு, ஹீட் ட்ரீட்மென்ட்டில் கொப்புளமாகக் கிளம்பும்.

டிராயிங்கில் அலாய் பெயரோடு நிறுத்தாதீர்கள். டெம்பர், இரும்பின் மேல்வரம்பு, கடினத்தன்மை, அதைச் சோதிக்கும் இடம் நான்கையும் எழுதுங்கள். சோதிக்கும் இடம் ஃபின் நுனி அல்ல, எரியறைப் பக்கம்.