வாசிப்பு உன் வீட்டிலேயே இருக்கட்டும்

வவுனியா
15.12.2025

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளம் வடிந்து நீங்கள் வீடு திரும்பிவிட்டீர்கள், அம்மம்மாவுக்கும் சுகம் என்று உன் அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. ரவுட்டர் தண்ணீருக்குள் போய்விட்டது, இணைப்பு எப்போது சரிவரும் என்று தெரியாது, படிக்கவே மனம் வரவில்லை என்று நீ அழுததையும் சொன்னாள். போனில் நாலு வார்த்தை கதைப்பதற்குள் தொடர்பு அறுந்துபோகிறது. அதனால் எழுதுகிறேன். பரந்தன் பக்கம் வருகிற ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் கவலை நியாயமானது. நவம்பர் 10ஆம் திகதி தொடங்கிய உயர்தரப் பரீட்சை டித்வா புயலால் இடையில் நின்றுபோனது. மிச்சப் பாடங்கள் ஜனவரி 12ஆம் திகதி தொடங்குகின்றன. முழு மூச்சாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை நடுவில் நிறுத்தி வைத்தால் மனம் குழம்பத்தான் செய்யும். வினாத்தாள், ரியூசன் வகுப்பு, நண்பிகளின் குறிப்பு எல்லாம் போனுக்குள் இருந்து பழகியவர்கள் நீங்கள். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது உன் படிப்பு நிற்காமல் போனது அந்தப் போனால்தான்.

ஆனாலும் ஒன்றை யோசித்துப் பார். நெற் நின்ற அன்றே உன் வாசிப்பும் ஏன் நின்றது? நீ வாசிக்க வேண்டியதெல்லாம் எங்கோ தூரத்தில் இருந்தது. வீட்டில் இருந்தது அதற்குப் போகிற வழி மட்டும்தான். வழி அடைபட்டதும் கையில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

வாசிக்கிற பொருளை இழப்பது எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதோடு போயின. 2009இன் தொடக்கத்தில் போருக்குத் தப்பி தர்மபுரம், விசுவமடு என்று இடம் மாறி மாறி ஓடியபோது அரிசியையும் பிள்ளையையும் தூக்கிய கையில் புத்தகத்துக்கு இடம் இருக்கவில்லை. வீடுகளோடு புத்தக அலுமாரிகளும் போயின. இப்போது புயல் வந்து தொடர்பை அறுத்திருக்கிறது. தாளும் எரியும், வீடும் போகும், கம்பியும் அறும். ஆகவே எந்த ஒன்றையும் மட்டும் நம்பி வாசிப்பை வைக்காதே. கொஞ்சம் தாளில் இருக்கட்டும், கொஞ்சம் கருவியில் இருக்கட்டும், கூடியது உன் மனதில் இருக்கட்டும்.

போர் நடந்த 1990களில் வடக்கில் வருடக்கணக்காக மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஜாம் போத்தலுக்குள் சின்னத் திரி போட்டு, துளித்துளியாக எண்ணெய் விட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள். பத்திரிகைக் கடதாசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது கோடு போட்ட கொப்பித்தாளிலும் பத்திரிகை அச்சானது. அந்தக் கஷ்டத்தைப் பெருமையாகச் சொல்ல நான் விரும்பவில்லை. எந்தப் பிள்ளைக்கும் அது இனி வரக்கூடாது. ஆனால் அந்த நாளில் படிப்பைக் காப்பாற்றியது என்ன என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு புத்தகம் பத்து வீட்டுக்குப் போனது. ஒருத்தியின் கொப்பியைப் பார்த்து மற்றவள் எழுதினாள். வாசித்தவர் வாசிக்காதவருக்குச் சொன்னார். அதற்கு எந்தக் கம்பியும் தேவைப்படவில்லை.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, போனில் இருக்கிற கொஞ்ச டேட்டாவையும் சார்ஜையும் காலநிலை அறிவித்தலுக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொள். கவரேஜ் தேடி வளவு முழுக்க நடந்து நாளைக் கழிக்காதே.

இரண்டாவது, காலைநேரம் பரீட்சைக்கு. கடந்தகால வினாத்தாளை அச்சில் வைத்திருக்கிற பிள்ளை உன் வகுப்பில் கட்டாயம் இருப்பாள். வாங்கிக் கையால் பார்த்து எழுது. பிறகு மணிக்கூட்டைப் பார்த்து மூன்று மணித்தியாலம் உட்கார்ந்து விடை எழுது. நீ பரீட்சை எழுதப்போவது பேனையால். திரையில் விடையைப் பார்த்து “இது எனக்குத் தெரியும்” என்று நினைப்பதும் வெறுந்தாளில் அதை எழுதி முடிப்பதும் வேறு வேறு. இந்த வாரங்களில் அந்த வேற்றுமையை உன் கை அறிந்துகொண்டால் தள்ளிப்போன நாட்கள் வீண்போகாது.

மூன்றாவது, பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் பாடத்துக்கு வெளியே ஒரு புத்தகம். துண்டு துண்டாக இல்லை, ஒன்றை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை. பள்ளிக்கூட நூலகத்திலும் பிரதேச சபை நூலகத்திலும் கேட்டுப் பார். சனசமூக நிலையத்தில் பத்திரிகை வந்தால் அதையும் விடாதே. எதைத் தொடங்குவது என்று கேட்பாய். அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யைத் தேடு. 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த நாவல், தண்ணிமுறிப்புக் காட்டுப்புறத்து வாழ்க்கை அது. உனக்குப் பக்கத்தில் குமரபுரத்தில் வாழ்ந்து எழுதிய தாமரைச்செல்வியின் ‘பச்சை வயல் கனவு’ கிளிநொச்சி மண்ணில் குடியேறிய சனங்களைப் பற்றியது. நீ நடக்கிற வரம்பும் நீ குடிக்கிற தண்ணீரும் ஒரு நாவலுக்குள் வருவதைக் காணும்போது புத்தகம் அந்நியமாக இருக்காது.

முதல் இருபது பக்கம் கஷ்டமாக இருக்கும். போனில் வாசித்துப் பழகிய கண் ஒரு பந்தி முடிவதற்குள் அடுத்ததைத் தேடும். அதற்காகப் புத்தகத்தை மூடிவிடாதே. பென்சிலோடு வாசி. விளங்காத இடத்தில் கோடு போட்டுவிட்டு மேலே போ. நல்ல பகுதியை அம்மம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. அவவின் கண் மங்கினாலும் காது கூர்மை. பழைய சொல் ஒன்று தெரியாவிட்டால் அவவே சொல்லித் தருவா. தம்பியும் தானாக வந்து பக்கத்தில் இருப்பான்.

நான்காவது, எழுது. கனகராயன் ஆறு பெருகி எந்த நாளில் உங்கள் வளவுக்குத் தண்ணீர் வந்தது, எவ்வளவு உயரத்துக்கு நின்றது, எந்த வயல் அழிந்தது, யார் யார் வந்து தூக்கிவிட்டார்கள் என்று ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வை. 2018 டிசம்பரிலும் கிளிநொச்சியில் பெருவெள்ளம் வந்ததே, அதைப் பற்றி அயலாரிடம் கேட்டு அதையும் சேர். உன் ஊரின் வெள்ளத்தை உன்னைவிடச் சரியாக எழுதக்கூடிய ஆள் வேறு இல்லை.

ஐந்தாவது, நெற் திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியது. கமக்காரன் விளைந்த நெல் முழுவதையும் விற்பதில்லை, அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்து வைப்பான். நீயும் அப்படிச் செய். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஏராளமாக இருக்கின்றன. எரிந்தும் தொலைந்தும் போனவற்றுக்குப் பிறகு, மிஞ்சியதையாவது காப்பாற்ற வேண்டும் என்று பலர் கூடிச் செய்த வேலை அது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பலவும் கிடைக்கின்றன. இரண்டும் இலவசம். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கிவிக்ஸ் என்கிற செயலி வழியாக இறக்கி வைத்தால் நெற் இல்லாத நாளிலும் திறந்து வாசிக்கலாம். வேண்டியதை எல்லாம் போனிலும் ஒரு பென் டிரைவிலும் போட்டு வை. கட்டாயம் தேவையான குறிப்புகளைப் பரந்தனிலோ கிளிநொச்சியிலோ கொடுத்துத் தாளில் அச்செடு. பிறகு, கேட்கிற பிள்ளைக்கெல்லாம் கொடு. உன்னிடம் மட்டும் இருந்தால் அடுத்த வெள்ளம் அதையும் கொண்டுபோகும். பத்துப் பேரிடம் இருந்தால் ஒரு வீட்டிலாவது மிஞ்சும்.

மகள், இணைப்பு இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடும். வந்ததும் சந்தோசமாகப் பாவி, நண்பிகளோடு கதை, பாட்டுக் கேள். ஆனால் அந்தப் பின்னேர ஒரு மணித்தியாலத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதே. அந்த நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். பரீட்சை ஜனவரியோடு முடிந்துவிடும். வாசிக்கிற பழக்கம் அப்படியல்ல, நீ எங்கே போனாலும் அது உனக்குத் துணை வரும்.

எந்தப் புத்தகத்தை எடுத்திருக்கிறாய், அதில் எந்த இடம் உனக்குப் பிடித்தது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பு. கையால் எழுது. நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா